லேசர் படாத விரல் எங்கே?

மாணவர்களே, உங்கள் விரல் நகங்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒன்றிரண்டு சிறு குழிகள் யாருக்கும் இருக்கலாம், கவலை வேண்டாம். ஆனால், சிலருக்குக் குண்டூசியால் குத்தியதுபோல் நகத்தில் பல குழிகள் விழும். நகத்தின் அடியில் எண்ணெய்த் துளி பட்டதுபோல் மஞ்சள் கலந்த சிவப்புத் திட்டு தெரியும். நாளடைவில் நகம் தடித்து, நுனியிலிருந்து சதையைவிட்டுப் பிரியும். நகத்தில் வரும் சொரியாசிஸ் நோயின் அறிகுறிகள் இவை.

சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப் படை எனப்படும் சொரியாசிஸ், தொற்றுநோய் அன்று. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே தவறாகத் தூண்டப்பட்டு, தோல் அணுக்களை அவசர அவசரமாகப் பெருகச் செய்வதால் வருவது. உலகில் 10 கோடிப் பேருக்காவது இந்நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நகமும் பாதிக்கப்படுகிறது. முழங்கையைச் சட்டையால் மறைக்கலாம். கடையில் காசு கொடுக்கும்போது நகத்தை எப்படி மறைப்பது?

இதற்குச் சிகிச்சை அளிப்பதும் எளிதன்று. நகம் கடினமானது, மேலே பூசும் களிம்பு அதைத் தாண்டி உள்ளே செல்வது குறைவு. இந்த இடத்தில்தான் லேசர் வருகிறது. கூடவே விளம்பரமும் வருகிறது. 'சிகிச்சைக்கு முன்', 'சிகிச்சைக்குப் பின்' என்று இரண்டு படங்கள் இருக்கும். முதல் படத்தில் உடைந்த நகம். அடுத்த படத்தில் பளபளக்கும் நகம். என் கருத்து இதுதான்: நகச் சொரியாசிஸுக்கு லேசர் ஒரு பொய் வைத்தியம் அன்று, ஆனால், அந்த இரண்டு படங்கள் சான்று ஆகா.

முதலில் லேசரின் பக்கம் உள்ள நியாயத்தைப் பார்ப்போம். 1983-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்களான ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் ஆகிய இருவரும் ஓர் அருமையான கருத்தை வெளியிட்டனர். உடலில் உள்ள ஒவ்வொரு நிறமிப் பொருளும் சில அலைநீள ஒளியை மட்டும் அதிகமாக ஈர்க்கும். அந்த அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்து, மிகக் குறுகிய நேரம் மட்டும் ஒளியைப் பாய்ச்சினால், குறிவைத்த பொருள் மட்டும் சூடாகும். சுற்றியுள்ள திசு தப்பித்துக்கொள்ளும். முகத்தில் பிறவியிலேயே தோன்றும் சிவப்புத் தழும்புகளுக்கு இந்த முறை நல்ல பலன் தந்தது.

நகச் சொரியாசிஸுக்கும் அதே வழிதான். 595 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட சாய லேசரை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். சாயம் கரைத்த திரவத்திலிருந்து ஒளி பிறப்பதால் அதற்கு அந்தப் பெயர். இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் இந்த ஒளியை நன்கு ஈர்க்கும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகியிருக்கும். அவற்றைச் சூடாக்கி அடைத்துவிட்டால் அழற்சி தணியும் என்பது எதிர்பார்ப்பு. வழக்கமாக மாதத்துக்கு ஒருமுறை வீதம் பல மாதங்கள் செய்ய வேண்டும். வலி இருக்கும், நகத்தைச் சுற்றிச் சில நாள்கள் கருஞ்சிவப்பாகக் கன்றிப்போகவும் கூடும்.

இயற்பியல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால், பலன் உண்டா என்பதை இயற்பியல் மட்டும் சொல்லிவிட முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவை நினைவிருக்கிறதா? ஒரு பயற்றஞ்செடிக்கு உரம் போட்டு, இரண்டு வாரம் கழித்து, "பாருங்கள், உரத்தால் வளர்ந்தது!" என்று நீங்கள் எழுதியிருந்தால் ஆசிரியர் மதிப்பெண் கொடுத்திருப்பாரா? "உரம் போடாத செடி எங்கே?" என்றுதான் கேட்டிருப்பார். விளம்பரப் படத்தைப் பார்த்தும் அதையே கேளுங்கள்: லேசர் படாத விரல் எங்கே?

இந்தக் கேள்வி நகச் சொரியாசிஸுக்கு மிகவும் பொருந்தும். இந்நோய் தானாகவே கூடும், குறையும். மிக மோசமாக இருக்கும்போதுதான் பலர் சிகிச்சை தேடிப் போகிறார்கள். அதன்பின் எதுவும் செய்யாவிட்டாலும் சற்றுக் குறையலாம். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு நகம் முழுதாகப் புதிதாக வளர்ந்து வர ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதத்தில் மருந்து மாறியிருக்கலாம், பழக்கம் மாறியிருக்கலாம். நகம் தேறியதற்கு லேசர்தான் காரணமா என்று படம் சொல்லாது.

மருத்துவ ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2012-இல் வெளிவந்த தாய்லாந்து ஆய்வு ஒன்றில் 20 நோயாளிகள் சேர்ந்தனர். ஒரு கைக்கு நீண்ட துடிப்பு, மறு கைக்குக் குறுகிய துடிப்பு எனச் சாய லேசர் பாய்ச்சினர். இரு கைகளும் தேறின. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. நல்ல ஆய்வுதான். ஆனால், கவனித்தீர்களா? இரு கைகளிலும் லேசர் பட்டுவிட்டது. எந்தத் துடிப்பு சிறந்தது என்ற கேள்விக்கே அது விடை தேடியது.

அடுத்த ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில் ஒரு கைக்கு லேசரும் களிம்பும், மறு கைக்குக் களிம்பு மட்டும் தரப்பட்டன. மதிப்பெண் இட்டவருக்கு எந்தக் கை எது என்பது தெரியாது. லேசர் பட்ட கை கூடுதலாகத் தேறியது. இதுதான் நாம் தேடும் ஒப்பீடு! ஆனால், அதில் பங்கேற்றவர்கள் மிகச் சிலரே. ஆகவே, லேசருக்கு நம்பிக்கை தரும் சான்று உண்டு. உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இன்னும் இல்லை என்பதே நேர்மையான விடை.

"சும்மா முயன்று பார்த்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். பணம் மட்டும் பிரச்சினை என்றால் நானும் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். நகம் வெறும் அழகுப் பொருள் அன்று. விரலின் கடைசி மூட்டை நீட்டும் தசைநாண், நகத்தின் வேரோடு ஒட்டி அமைந்துள்ளது. நகத்தில் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டு அழற்சி வரும் வாய்ப்பு அதிகம். கவனிக்காமல் விட்டால் மூட்டு நிரந்தரமாகச் சேதமடையும். "காலையில் விரல் விறைப்பாக இருக்கிறதா? மூட்டு வீங்குகிறதா?" என்று கேட்காமல் நகத்துக்கு மட்டும் ஒளி பாய்ச்சும் இடத்தில் இந்த எச்சரிக்கை கைநழுவிப் போகும். மூட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் மாத்திரையோ ஊசியோ கொண்டு உள்ளிருந்து செய்யும் சிகிச்சை தேவைப்படும். அதை லேசரால் ஈடுசெய்ய முடியாது.

இன்னொன்று, பூஞ்சைத் தொற்றும் நகத்தைத் தடிக்க வைக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். நகத் துணுக்கை வெட்டிச் சோதித்தால்தான் தெரியும். எந்த நோய் என்று தெரியாமல் தொடங்கும் சிகிச்சை, கேள்வித்தாளைப் படிக்காமல் எழுதும் விடைக்குச் சமம்.

ஆகவே, உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ நகம் இப்படி மாறியிருந்தால், முதலில் தோல் நோய் நிபுணரைப் பாருங்கள். நகத்தைக் குறுக வெட்டுங்கள்; நகத்தின் அடியில் குத்திச் சுத்தம் செய்யாதீர்கள். காயம் பட்ட இடத்தில் சொரியாசிஸ் கிளர்ந்தெழும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்ட உண்மை. யாராவது லேசரைப் பரிந்துரைத்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். நோய் சோதித்து உறுதி செய்யப்பட்டதா? மூட்டுகளைப் பார்த்தீர்களா? எதனோடு ஒப்பிட்டுப் பலன் உண்டு என்கிறீர்கள்?

நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். அப்பா, அம்மாவுக்குக் கேட்கத் தயக்கமாக இருந்தால், நீங்களே கேளுங்கள். வகுப்பில் படித்த அறிவியல் வீட்டுக்குப் பயன்படும் இடம் இதுதான்.