அடுப்படி ஆண்டுகளைக் கேட்போம்

அறுபதை நெருங்கும் ஓர் அம்மா புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறார். குடத்தோடு நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. விடிந்தால் சளியும் இருமலும். பழைய சீட்டுகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் 'வீசிங்' என்ற ஒரே சொல். டெரிஃபிலின் ஊசி, நெபுலைசர், ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக். ஸ்பைரோமீட்டரில் ஊதிப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. இந்தச் சீட்டு நம் எல்லார் மேசைக்கும் வந்திருக்கிறது. நம்மில் பலர் அதை எழுதியும் இருக்கிறோம்.

ஆண் என்றால் பீடி, சிகரெட் பழக்கத்தைக் கேட்டுவிடுகிறோம். பெண்ணிடம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. விறகும் வரட்டியும் எரிந்த அடுப்பின் முன் அவர் கழித்த முப்பது ஆண்டுகள் அதனால் சீட்டில் ஏறுவதேயில்லை. உலக அளவில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயான சி.ஓ.பி.டி.க்கு உயிரி எரிபொருள் புகையே மிகப் பெரிய காரணமாக இருக்கக்கூடும் என்று சந்தீப் சால்வியும் பீட்டர் பார்ன்ஸும் லான்செட் இதழில் எழுதியது 2009இல். இந்தியாவில் இந்நோயோடு வாழ்வோர் 1990இல் 2.81 கோடி, 2016இல் 5.53 கோடி என்பது மதிப்பீடு. அதே 2016இல் உஜ்வலா திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு சிலிண்டர் வந்துவிட்டது என்பதால் அதற்கு முன் குடித்த புகை இல்லையென்று ஆகிவிடாது. வெந்நீருக்கு இன்றும் விறகுதானா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முன்பு காசநோய் வந்ததா என்பதையும்.

கேள்வி சந்தேகத்தைத் தரும்; உறுதி செய்ய ஊதித்தான் ஆக வேண்டும். 400 மைக்ரோகிராம் சால்பூட்டமால் கொடுத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்து எடுத்த அளவில் FEV1/FVC என்ற விகிதம் 0.7க்குக் கீழே இருந்தால் அடைப்பு உறுதி. எக்ஸ்ரே காசநோயையும் புற்றுநோயையும் இதயச் செயலிழப்பையும் தேட உதவும். அது தெளிவாக இருப்பதால் சி.ஓ.பி.டி. இல்லை என்று சொல்ல முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவி இல்லையென்றால், இருக்கும் இடத்துக்கு ஒருமுறை அனுப்புவது பத்து வருட ஊகத்தைவிட மேல்.

பெயர் மாறினால் மருந்தும் மாறுகிறது. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டே அடித்தளம். அது இல்லாமல் நீண்டநேர பீட்டா மருந்தை மட்டும் கொடுப்பது ஆபத்து. சி.ஓ.பி.டி.யில் நீண்டநேர மூச்சுக்குழல் விரிப்பான்கள் முதலில் வருகின்றன. நோய் அடிக்கடி முற்றி, இயோசினோஃபில் 300ஐ எட்டினால் ஸ்டீராய்டு பலன் தரும். 100க்குக் கீழே பலன் குறைவு, நிமோனியா அபாயம் மிச்சம். காசநோய் வந்துபோன நுரையீரலில் இன்னும் யோசித்தே தர வேண்டும்.

நோய் திடீரென முற்றும்போது பிரெட்னிசோலோன் 40 மி.கி. ஐந்து நாள் போதும். ஆன்டிபயாட்டிக் சளி சீழாக மாறியவர்களுக்கு. ஆக்சிஜனை 88 முதல் 92 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். 100ஐத் துரத்தினால் கார்பன் டை ஆக்சைடு ஏறும். டெரிஃபிலின் ஊசிக்கு இன்றைய வழிகாட்டுதல்களில் இடமில்லை.

இன்ஹேலரை எழுதிக் கொடுத்ததோடு நம் வேலை முடிவதில்லை. ரோட்டாகேப் மாத்திரையைத் தண்ணீர் விட்டு விழுங்கியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஸ்பேசரோடு அழுத்தும் இன்ஹேலரை மெதுவாக இழுக்க வேண்டும். பவுடர் இன்ஹேலரை வேகமாகவும் ஆழமாகவும். இதை வாயால் சொன்னால் போதாது. நம் கண்முன் ஒருமுறை இழுக்கவைத்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு வருகையிலும்.

ஆகவே சீட்டில் மூன்று குறிப்புகளைக் கேட்கிறோம்: அடுப்புப் புகையில் எத்தனை ஆண்டு, ஊதியபோது விகிதம் எவ்வளவு, இன்ஹேலர் இழுப்பதை யார் பார்த்தார். இம்மூன்றும் இல்லாத சீட்டில் 'வீசிங்' என்பது அந்த அம்மா நம்மிடம் சொன்ன குறை மட்டுமே. நோயின் பெயரை நாம் இன்னும் எழுதவில்லை.