விசாரிக்க விடாத சம்பந்தம்

பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அட்டை போட்டுக் கொண்டிருந்தேன். டாஸ்மேனியாவில் இருந்து வந்திருந்த என் நாத்தனார், "அண்ணி, ஒரு காகிதக்கூழ் ஆலையால எங்க ஊரே ரெண்டுபட்டுப் போச்சு, தெரியுமா?" என்றாள். அவள் சொன்ன கதை நமக்கும் ஒரு பாடம்.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கிற தீவு அது. அங்கே லான்செஸ்டன் நகருக்கு வடக்கே, பெல் பே என்ற இடத்தில் ஆலை கட்டப் போவதாக 'கன்ஸ்' என்ற மரக் கம்பெனி 2004ல் அறிவித்தது. வேலை கிடைக்கும் என்று பாதி ஜனம் சந்தோஷப்பட்டது. 'யாரும் நடாமல் தானாக வளர்ந்த காட்டு மரமெல்லாம் கூழாகிவிடுமே, கழிவுநீர் கடலில் கலக்குமே, டேமார் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள் என்னாகும்?' என்று மீதிப் பேர் எதிர்த்தார்கள்.

இதையெல்லாம் ஒரு தனிக் குழு விசாரித்துக் கொண்டிருந்தது. 2007 மார்ச்சில், தாமதமாகிறது என்று சொல்லி, கம்பெனி பாதியிலேயே விலகிவிட்டது. மாநில அரசோ தனிச் சட்டம் கொண்டு வந்து அனுமதி கொடுத்தது. அக்டோபரில் மத்திய அரசும் நிபந்தனைகளோடு சம்மதித்தது.

ரெண்டு அரசும் சம்மதித்தும் ஆலை எழும்பவில்லை! 2008ல் ஏ.என்.இசட். வங்கி கடன் தர மறுத்துவிட்டது. 2010ல் கம்பெனியே, 'இயற்கைக் காட்டை வெட்டுவதை விட்டுவிடுகிறோம், நட்டு வளர்த்த மரம் போதும்' என்று இறங்கி வந்தது. ஆனால், காலம் கடந்துவிட்டது. 2012ல் கம்பெனியே நொடித்துப் போனது. 2017ல் ஆலைக்கான அனுமதியும் காலாவதியானது.

கரூர் பக்கம் கரும்புச் சக்கையில் காகிதம் செய்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். காகித ஆலையே கூடாது என்று சொல்ல மாட்டேன். வேலை இல்லாத வீட்டின் கஷ்டமும் எனக்குத் தெரியும். ஆனால், பெண் கொடுக்கும்போது, 'ரொம்ப விசாரிக்காதீங்க, முகூர்த்தம் தள்ளிப் போகுது' என்று மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தினால், நாம் நம்புவோமா? நல்ல வரனாகவே இருந்தாலும் சந்தேகம்தானே வரும்? அங்கேயும் அதுதான் நடந்தது என்பது என் எண்ணம். விசாரணையை முடிக்க விட்டு, காட்டு மரத்தை முதலிலேயே ஒதுக்கியிருந்தால், ஒருவேளை ஆலையும் வந்திருக்கும், காடும் பிழைத்திருக்கும். கடைசியில், கம்பெனியை நம்பியிருந்த தொழிலாளிகள்தான் தெருவில் நின்றார்கள்.

நம் ஊருக்கு எந்த ஆலை வந்தாலும், 'மூலப்பொருள் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும்?' என்று முதலிலேயே கேட்போம். கேட்பது முட்டுக்கட்டை இல்லை. குடும்பம் நடத்துகிறவர்களின் பொறுப்பு. என்ன சொல்கிறீர்கள் தோழிகளே?

- ஒரு வாசகி, கரூர்.