எண்களை அழித்தவர் யார்?

பொருளாதாரம் நான்கு கோடுகளுக்குள் அடங்காது, ஆகவே அமெரிக்க முன்னாள் அதிபர் ரீகனின் வரிக் கொள்கையையும் செலவுக் கொள்கையையும் கருத்துப்படங்களில் சாடியவர்கள் மக்களைத் திசைதிருப்பினார்கள் என்கிறார் ஒரு கட்டுரையாளர். நடந்ததை அப்படியே தலைகீழாக்குகிறது இந்த வாதம்.

அந்தக் கொள்கையே ஒரு படமாகத்தான் மக்களிடம் வந்தது. 1974இல் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் பொருளாதார அறிஞர் ஆர்தர் லாஃபர் கைக்குட்டைத் தாளில் ஒரு வளைகோடு வரைந்து காட்டினார் என்று ஊரறியச் செய்தவர் பத்திரிகையாளர் ஜூட் வான்னிஸ்கி. வரி விகிதம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால், அதைக் குறைக்கும்போது வருவாய் கூடும் என்பது அதன் பொருள். அந்த அளவு எது என்று கோடு சொல்லவில்லை. 1981 ஜூலை 27 அன்று ரீகன் தொலைக்காட்சியில் தம் வரித் திட்டத்தையும் எதிர்க்கட்சியின் திட்டத்தையும் ஒப்பிட்டு ஒரு வரைபடம் காட்டினார். செங்குத்துக் கோட்டில் டாலர் குறி இருந்தது, தொகை இல்லை. இரண்டு கோடுகளுக்கும் நடுவே எத்தனை டாலர் வித்தியாசம் என்று பார்த்தவர் எவருக்கும் தெரிய வழியில்லை. அடுத்த மாதம் 13ஆம் தேதி அவருடைய வரித் திட்டம் சட்டமானது. எளிமைப்படுத்துவது குற்றமென்றால் முதலில் கூண்டில் ஏற வேண்டியவர் யார்?

பணக்காரர் மீதான பொறாமையே அந்தப் படங்களின் ஊற்று என்பது அவருடைய அடுத்த குற்றச்சாட்டு. அந்தச் சட்டத்தால் உச்ச வரி விகிதம் 70 சதவீதத்திலிருந்து 50ஆக இறங்கியது. எல்லோருக்குமான வரிக்குறைப்பு என்பது அந்த உச்ச விகிதத்தைக் குறைப்பதற்கான போர்வை என்று ஒப்புக்கொண்டவர் எந்த ஓவியரும் அல்ல, ரீகனின் பட்ஜெட் இயக்குநர் டேவிட் ஸ்டாக்மன். 1981 டிசம்பர் ‘அட்லாண்டிக்’ இதழில் அது அச்சானது. அந்த எண்களில் என்ன நடக்கிறது என்று தங்களில் யாருக்குமே சரியாகப் புரியவில்லை என்பதும் அதே இதழில் வந்த அவருடைய வாக்குமூலம். இதை ஒதுக்கிவிட்டுப் பொறாமையைப் பற்றி எழுதுவது நேர்மையான செயல் அல்ல.

பள்ளி மதிய உணவில் கெட்சப்பைக் காய்கறியாக்கினார்கள் என்று வரைந்தது மிகை என்கிறார். 1981 செப்டம்பரில் வேளாண் துறை வெளியிட்ட விதிமுறை வரைவில் கெட்சப்பின் பெயர் இல்லைதான். ஆனால் ஊறுகாய் வகையையும் தக்காளி விழுதையும் காய்கறிக் கணக்கில் சேர்க்க அந்த வரைவு இடம் தந்தது. குழந்தையின் தட்டில் விழுவது எதுவோ அதைத்தான் ஓவியர்கள் வரைந்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் அரசு வரைவைத் திரும்பப் பெற்றது.

செலவைப் பற்றி அவர் எழுதியிருப்பதுதான் எனக்கு ஆறவில்லை. வீண் செலவை வெட்டினார்களாம். மறுஆய்வு என்ற பெயரில் ஏறத்தாழ 5 லட்சம் பேரின் ஊனமுற்றோர் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. மேல்முறையீட்டில் சுமார் 2 லட்சம் பேர் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆட்சியில் கடற்படை விமானத்தின் கழிப்பறை உறைக்கு 640 டாலர் விலை போடப்பட்டது. வாஷிங்டன் போஸ்ட்டின் ஓவியர் ஹெர்பர்ட் பிளாக் அதைக் கழிப்பறை வளையமாக்கிப் பாதுகாப்புச் செயலர் வெய்ன்பர்கரின் கழுத்தில் மாட்டி வரைந்தார், திரும்பத் திரும்ப வரைந்தார். இது கொச்சை என்கிறார் கட்டுரையாளர். கொச்சை அந்த விலையில் இருந்தது.

ரீகன் ஆட்சியில் பணவீக்கம் தணிந்தது உண்மை. வட்டியை உயர்த்தி அதை அடக்கிய மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கரை முதலில் நியமித்தவர் ரீகனுக்கு முந்தைய அதிபர் கார்ட்டர் என்பதும் உண்மை.

1984க்குள் பற்றாக்குறை இல்லாத பட்ஜெட் என்று 1981இல் ரீகன் திட்டமிட்டார். 1984இன் பற்றாக்குறை சுமார் 18,500 கோடி டாலர். ஓவியர்களைக் கண்டிக்க அத்தனை பக்கங்கள் செலவிட்டவர் இந்த எண்ணை ஓரிடத்திலும் எழுதவில்லை.