சங்கத்தின் பெயரில் வரும் கடிதம்

சென்ற மாதம் குமணன்சாவடிப் பக்கத்திலுள்ள ஒரு சங்கத்தின் காரியதரிசியைக் காணச் சென்றிருந்தேன். மனிதர் கலங்கிப் போயிருந்தார். சங்கத்தில் சேலை கொள்முதல் செய்யும் வெளியூர்க் கடைக்காரர் ஒருவருக்கு, சங்கத்தின் முகவரியிலிருந்தே ஒரு மின்னஞ்சல் சென்றிருக்கிறது. வங்கிக் கணக்கு மாறிவிட்டதென்றும், பாக்கித் தொகையைப் புதிய கணக்கில் செலுத்துமாறும் அதில் கண்டிருந்தது. பல்லாண்டுப் பழக்கமுள்ளவராதலால், கடைக்காரர் பணம் கட்டுமுன் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டார். கேளாதிருந்தால் நெசவாளர்களின் மூன்று மாதக் கூலி எவனோ ஒருவன் பையில் விழுந்திருக்கும்.

காரியதரிசி முதலில் குமாஸ்தாவைச் சந்தேகித்தார். பிறகு கம்ப்யூட்டரைச் சந்தேகித்தார். இரண்டும் பிசகு. பூட்டை உடைத்து எவரும் உள்ளே வரவில்லை, வரவேண்டிய அவசியமுமில்லை. தபாலுறையின் மேல் அனுப்புநர் முகவரியாக எவர் பெயரையும் எவரும் எழுதிவிடலாமல்லவா? மின்னஞ்சலும் அத்தகையதே. அதற்குரிய விதிகள் 1982-இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புகிறவர் சொல்லும் பெயரை நம்பும்படியே வகுத்தார்கள். அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பே, 1978 மே மாதத்தில், அமெரிக்கக் கம்ப்யூட்டர்க் கம்பெனியொன்றின் விற்பனையாளர் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பி வசை வாங்கியிருந்தார். எனினும் எவரும் விழித்துக்கொள்ளவில்லை.

இந்தக் குறையை நீக்கப் பிற்காலத்தில் மூன்று ஏற்பாடுகள் வந்தன. நமது சங்கங்கள் இம்மூன்றையும் உடனே செய்துகொள்ள வேண்டுமென்பதே என் அபிப்பிராயம்.

முதலாவது எஸ்.பி.எஃப். என்பது. 'எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப இன்னின்ன சர்வர்களுக்கே உரிமை உண்டு' என்று, சங்கத்தின் இணையப் பெயருக்குரிய பொதுப் பதிவேட்டில் எழுதி வைப்பது. இரண்டாவது டிகிம். நூல் கட்டின் மேல் மில்காரர் தம் முத்திரையை வைப்பதுபோல, ஒவ்வொரு கடிதத்தின் மேலும் நமது சர்வர் ஓர் இரகசிய முத்திரையை இடும். வழியில் எவரேனும் கடிதத்தைத் திருத்தினால் முத்திரை பொருந்தாது. இவ்விரண்டோடு நின்றுவிட்டால் வேலை அரைகுறையே. ஏனெனில் எஸ்.பி.எஃப். பார்ப்பது உறையின் மேலுள்ள பெயரை. படிப்பவர் கண்ணுக்குத் தெரிவதோ உள்ளேயுள்ள கடிதத் தலைப்பு. இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதும், ஒவ்வாத கடிதத்தை என்ன செய்வதென்று பெறுகிறவருக்குச் சொல்வதும் மூன்றாவதான டிமார்க்.

டிமார்க்கில் மூன்று படிகள் உண்டு: சும்மா விடு, ஒதுக்கி வை, திருப்பி அனுப்பு. முதற்படியில் தொடங்கி, நம் பெயரில் எங்கெங்கிருந்து கடிதங்கள் புறப்படுகின்றன என்று வந்து சேரும் அறிக்கைகளைச் சில வாரங்கள் படித்துப் பார்த்து, பிறகு மேற்படிகளுக்குச் செல்வதே முறை. பலர் முதற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். திருடர்களின் பெயரை நோட்டில் குறித்துக்கொண்டு உள்ளே விடுகிற காவற்காரனை நாம் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வோமா?

'இருநூறு அங்கத்தினருள்ள சங்கத்துக்கு இதெல்லாம் எதற்கு?' என்பார் உளர். 2024 பிப்ரவரி முதல் கூகிள் நிறுவனம், தன் ஜிமெயிலுக்குக் கடிதம் அனுப்பும் எவரும் முதலிரண்டில் ஒன்றையேனும் வைத்திருக்க வேண்டுமென்றும், நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டுமென்றும் விதித்துவிட்டது. ஆகவே, சிறிய சங்கமாயினும், ஏற்பாடு செய்யாவிடில் அது அனுப்பும் விலைப்பட்டியல் வாங்குகிறவரின் குப்பைப் பெட்டியில் கிடக்க நேரும்.

சர்வரைச் சொந்தமாக நடத்தும் சங்கங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்நியர் கொணரும் கடிதங்களையெல்லாம் வாங்கி வேற்றூருக்கு அனுப்பிக்கொடுக்கும் சர்வர்கள் ஒரு காலத்தில் மலிந்திருந்தன. பெரிதும் புழங்கிய செண்ட்மெயில் என்னும் மென்பொருள் 1998-இல்தான் அவ்வழியைத் தானாகவே அடைத்து வெளிவந்தது. குமண வள்ளல் கேட்டவருக்குத் தன் தலையையே கொடுக்க முன்வந்தான். சங்கத்தின் சர்வர் அவ்வளவு வள்ளலாக இருக்கத் தேவையில்லை. கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவருக்கே கடிதம் அனுப்பும் உரிமை இருக்கட்டும். அந்தக் கடவுச்சொல்லும் குமாஸ்தாவின் மேஜைக் கண்ணாடிக்கடியில் இருக்க வேண்டாம். அது களவு போனால் நம் வாசலிலிருந்தே ஆயிரக்கணக்கில் குப்பைக் கடிதங்கள் புறப்படும். கறுப்புப் பட்டியலில் ஏறிய சர்வரை மீட்பது பெரும்பாடு.

வருகிற கடிதங்களை வடிகட்டுவதில் மட்டும் அவசரம் கூடாது. சந்தேகத்துக்குரியதை அழிக்காமல் தனிப் பெட்டியில் ஒதுக்கி, தினம் ஒருமுறை குமாஸ்தா பார்க்கட்டும். புதிதாக ஆர்டர் தருகிறவரின் முதற்கடிதம் அதில் கிடக்கக்கூடும்.

இத்தனை செய்தும் தீராத மோசடி ஒன்றுண்டு. ஓ.என்.ஜி.சி. என்னும் நம் நாட்டு எண்ணெய் நிறுவனம், சவுதி அரேபியாவின் அராம்கோவுக்கு நாப்தா விற்றது. அதற்கு வரவேண்டிய சுமார் 197 கோடி ரூபாய் வேறொரு கணக்குக்குப் போய்விட்டதாக 2015-இல் செய்தி வெளியாயிற்று. நிறுவனத்தின் முகவரியில் இரண்டு எழுத்துக்களை மட்டும் இடம் மாற்றி மோசக்காரர்கள் வேறொரு முகவரியைச் செய்திருந்தார்கள். அது அவர்களே பதிவு செய்த பெயராதலால், மேற்சொன்ன மூன்று ஏற்பாடுகளும் அதைத் தடுக்கமாட்டா. எனவே, கணக்கு மாறிற்றென்று கடிதம் வந்தால், அக்கடிதத்திலுள்ள எண்ணுக்கல்ல, சங்கத்தின் பழைய ரிஜிஸ்தரிலுள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் கேட்ட பின்பே பணம் கட்டுவதென்று நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

பதிவேட்டில் எழுதுவதற்குத் தனிக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. விஷயம் தெரிந்தவரின் அரைநாள் வேலை. காரியதரிசி நண்பர் அடுத்த குழுக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறார். பெயிண்ட் அடிக்கும் விஷயத்துக்குக் கீழே ஏழாவதாக இருந்ததை, என் வற்புறுத்தலின் பேரில் இரண்டாவதாக மாற்றினார்.