குற்றவாளி லைன் மட்டுமல்ல

2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது டுரியான் துங்கால் போன்ற சிற்றூர்களிலும் வகுப்பறை வீட்டுக் கணினிக்குள் நுழைந்தது. ஆணை போய்விட்டது, காணொளி அழைப்பு தங்கிவிட்டது. படம் உறைந்தால் உடனே 'லைன் மோசம்' என்கிறோம். அது பாதி உண்மைதான். இருவர் மட்டும் பேசும் ஸூம் அழைப்பில் தெளிவான படத்துக்கே நொடிக்கு 1.2 மெகாபிட் போதும். அதைவிடப் பல மடங்கு வேகத்துக்குப் பணம் கட்டும் வீடுகளிலும் படம் திணறுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மைக்ரோவேவ் அடுப்புகூடக் குலைக்கும். 5 கிகாஹெர்ட்ஸோ இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். எனவே ரவுட்டரிலிருந்து கணினிக்குக் கேபிள் இழுத்துப் பார்ப்பதே முதல் சோதனை. படம் சீரானால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. மாறாவிட்டால் மற்ற சாதனங்களை நிறுத்திவிட்டுப் பதிவேற்ற வேகத்தை அளக்க வேண்டும்.

'தோட்டப்புறத்தில் சிக்னலே சரியாக எட்டாதபோது இந்தச் சோதனை எதற்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அளந்த வேகம், நாள், நேரம் மூன்றும் கையில் இருந்தால்தான் இணையச் சேவை நிறுவனத்திடம் புகார் எடுபடும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமும் புகார்களைப் பெறுகிறது. புலம்பலுக்குச் சாக்குச் சொல்லித் தப்பலாம். எண்ணுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.