புளியோதரைக்குக் கணக்கு இருக்கு, தண்ணிக்கு?

அக்டோபர் பிறந்தால் போதும், எங்கள் அணுசக்தி நகரில் கட்ச் ஜுரம் ஆரம்பித்துவிடும். நாலைந்து தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் மாமியார் இரண்டு ஜோடி, வால் இல்லாத அரை டஜன் வானரங்கள். புஜ் வரைக்கும் ரயில், அங்கிருந்து வெள்ளை ரண், திரும்பும் வழியில் சின்ன ரண்ணில் காட்டுக்கழுதை பார்க்க ஜீப் சஃபாரி. நல்ல விஷயம்தான். எத்தனை தடவை மகாபலேஷ்வரில் ஸ்ட்ராபெர்ரி தின்பது?

எனக்கு இருக்கும் மனத்தாங்கல் ஒன்றே ஒன்று. இதற்காகக் கூடும் கூட்டத்தில் புளியோதரைக்கு எத்தனை கிலோ அரிசி என்று அரைமணி நேரம் பேசுகிறோம். மாட்டுங்காவில் யார் மிக்சர் வாங்குவது, யாருக்கு லோயர் பெர்த் என்பதெல்லாம் முடிவாகிவிடும். ஜீப்பில் எத்தனை லிட்டர் தண்ணீர், ஏழு மணிக்குள் ஜீப் திரும்பவில்லை என்றால் யார் யாருக்குப் போன் பண்ணுவது, இதை மட்டும் யாரும் பேசுவதில்லை. நான் கேட்டால், "அக்கா, நல்ல காரியம் பேசும்போது அபசகுனமா ஆரம்பிக்காதீங்க" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

நான் பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுபவள். கடன் மனு மேஜைக்கு வந்தால் எங்களுக்கு முதலில் தோன்றும் கேள்வியே "திரும்பி வராவிட்டால்?" என்பதுதான். அதை அபசகுனம் என்று யாரும் சொல்வதில்லை. வாராக்கடனுக்கு ஒதுக்கீடு வைக்காத வங்கியை ரிசர்வ் வங்கி சும்மா விடாது. பணத்துக்கு இவ்வளவு பார்க்கிற நாம் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகும்போது பார்க்கக் கூடாதா?

கட்ச் ஆபத்தான இடம் என்று நான் சொல்லவரவில்லை. தோர்டோ கூடார நகரில் தங்கி, மாலையில் வெள்ளை ரண் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஆயிரக்கணக்கில் ஜனம் போகிறது, போலீஸ் இருக்கிறது, சாலை இருக்கிறது. நான் சொல்வது அந்தக் கூட்டத்தை விட்டு விலகி, "கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாமே" என்கிற அந்தக் கொஞ்சத்தைப் பற்றி.

சின்ன ரண் காட்டுக்கழுதை சரணாலயம் 4,954 சதுர கிலோமீட்டர். நம் பெருநகர மும்பை சுமார் 603. அதாவது கொலாபாவிலிருந்து தஹிசர், முலுண்ட் வரைக்கும் உள்ள ஊரை எட்டுத் தடவை எடுத்து வைக்கலாம். அதில் மரம் கிடையாது, மலை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. மழைக்காலத்தில் பனாஸ், ரூபேன் போன்ற ஆறுகளும் கடல் நீரும் ஏறி முழுவதும் ஏரியாகிவிடும், அதனால் ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை சரணாலயத்தை மூடிவிடுவார்கள். திறந்த பிறகும் மேலே காய்ந்து வெடித்திருக்கும் தரைக்குக் கீழே பல இடங்களில் சேறு அப்படியே இருக்கும். பார்த்தால் நம்ம ஊர் காய்ந்த கண்மாய் மாதிரி இருக்கும், வண்டியை ஏற்றினால் அச்சு வரை இறங்கிவிடும். எங்கே ஏறலாம், எங்கே கூடாது என்பது தசாடா, ஜைனாபாத் பக்கத்து உள்ளூர் ஓட்டுநர்களுக்குத் தெரியும். மும்பையிலிருந்து சொந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த நம் மாப்பிள்ளைக்குத் தெரியாது, அவர் எவ்வளவு பெரிய நாலு சக்கர இழுவை வண்டி வாங்கியிருந்தாலும் சரி. கவ்டாவிலிருந்து தோலாவீராவுக்குப் போகும் சாலையிலும் இதே கதைதான். இருபக்கமும் பளபளவென்று உப்பு, உடனே போட்டோவுக்காக வண்டியைச் சாலையிலிருந்து கீழே இறக்குகிறார்கள். நடந்து போய் எடுத்தால் போட்டோ விழாதா என்ன?

அடுத்தது வெயில். இங்கேதான் சென்னை, மும்பை ஆட்களாகிய நாம் ஏமாறுகிறோம். நமக்கு வெயில் என்றால் வியர்வை. செம்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் சட்டை முதுகில் ஒட்டும், உடனே "அப்பா, என்ன வெக்கை" என்று தண்ணீர் தேடுவோம். பாலைவனக் காற்று காய்ந்த காற்று. வியர்வை வரும் வேகத்திலேயே ஆவியாகிவிடும், சட்டை நனையாது. "இங்கே வேர்க்கவே இல்லை, சுகமா இருக்கு" என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். தாகம் எடுத்த பிறகு குடிப்பது என்பது தவணை தேதி தாண்டி வட்டி கட்டுவது மாதிரி. அதிலும் ரத்த அழுத்தத்துக்கு சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் கிளம்புமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். இன்சுலினை வண்டி டேஷ்போர்டில் வைக்கக் கூடாது. உடல் சூடு 40 டிகிரி தாண்டி ஒருவர் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் அது களைப்பு அல்ல, வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்க நனைத்து, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இதெல்லாம் மழுப்பலான பயம் இல்லை. 2024 ஜூலையில் கட்சில் ஹராமி நாலா பக்கம் ரோந்து போன எல்லைப் பாதுகாப்புப் படையினர் இருவர் வெயிலிலும் நீரிழப்பிலும் இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், அந்த மண்ணில் வேலை பார்த்தவர்கள்.

இதனால்தான் மே மாத ஜெய்சல்மேர் திட்டத்தை நான் எப்போதும் எதிர்க்கிறேன். "பள்ளிக்கூட லீவு அப்போதானே, ஹோட்டலும் பாதி விலை" என்பார்கள். பாதி விலைக்குக் காரணம் இருக்கிறது! ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் போகும் வழியில் இருக்கும் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. அதே பாதையில் வரும் போக்ரானை எங்கள் காலனிக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1974 மே 18, 1998 மே 11, 13. எல்லாமே மே மாதம்தான். அங்கே அந்த வெயிலில் போய் வந்தது கடமைக்காக, லீவு கழிக்க இல்லை. டிசம்பரில் பத்து நாள் லீவு கிடைத்தால் போங்கள், கிடைக்காவிட்டால் மே மாதம் ஊருக்குப் போய்ப் பாட்டி வீட்டுத் திண்ணையில் நுங்கு சாப்பிடுங்கள்.

சரி, நான் முக்கியமாக சொல்ல வந்தது இதுதான். வண்டி மாட்டிக்கொண்டால் நடக்காதே, வண்டியோடு இரு என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். சரியான விதிதான். வண்டி பெரியது, தேடுபவர் கண்ணில் படும், நிழலும் தரும். ஆனால் 2024 ஆகஸ்டில் சவூதியின் ரப் அல் காலி பாலைவனத்தில் தெலங்கானா கரீம்நகரைச் சேர்ந்த ஒரு இளைஞரும் அவருடன் வேலை பார்த்த சூடான்காரரும் இறந்தது ஞாபகம் இருக்கிறதா? ஜிபிஎஸ் வழிகாட்டவில்லை, பெட்ரோல் தீர்ந்தது, போனில் சார்ஜும் போனது. சில நாள் கழித்து வண்டிக்குப் பக்கத்தில்தான் கண்டெடுத்தார்கள். இன்னொன்று, 1996 ஜூலையில் அமெரிக்காவின் டெத் வேலியில் ஒரு ஜெர்மன் குடும்பம், இரண்டு குழந்தைகளோடு நாலு பேர், வாடகை வேனில் போய்க் காணாமல் போனது. வேன் கண்ணில் பட்டதே அக்டோபரில்தான். பெரியவர்கள் இருவரின் எலும்புகள் கிடைத்தது 2009இல்.

வண்டியோடு இருப்பது எப்போது காப்பாற்றும்? நம்மை யாராவது தேடினால்தான் காப்பாற்றும். சீக்கிரம் தேட வேண்டும், சரியான இடத்தில் தேட வேண்டும். அந்த ஏற்பாட்டைப் பாலைவனத்தில் மாட்டிக்கொண்ட பிறகு செய்ய முடியாது. கிளம்புவதற்கு முன், செலவே இல்லாமல், ஒரு தாளில் செய்யலாம்.

கடன் தவணை 90 நாள் தவறினால்தான் வாராக்கடன். ஆனால் நாங்கள் 90 நாள் வரை கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பதில்லை. முதல் நாள் தவறியதுமே கணக்கு தனிப் பட்டியலுக்கு வந்துவிடும், 30 நாளில் அடுத்த படி, 60 நாளில் அதற்கும் அடுத்தது. அதே முறையை மணிக்கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மும்பையில் தங்கிவிட்ட ஒருவரிடம் ஒரு தாள்: வண்டி எண், ஓட்டுநர் எண், தங்கும் இடத்து எண், எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்பிப் பேசுவோம். ஒரு மணி நேரம் தாமதமானால் அவர் தங்கும் இடத்துக்குப் பேச வேண்டும். இரண்டு மணி நேரமானால் 112 மூலமோ அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கோ. கூச்சப்படக் கூடாது, "சிக்னல் இருக்காது, வந்துடுவாங்க" என்று சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. வழியை மாற்றினால் மாற்றும் முன்பே அவருக்குச் சொல்ல வேண்டும். நாம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லுவதில்லை, "போயிட்டு வரேன்" என்கிறோம். எத்தனை மணிக்கு "வரேன்" என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். இதில் எங்கே அபசகுனம்?

மற்றதெல்லாம் சின்ன விஷயம். பகலில் சஃபாரி போனாலும் ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் இருக்கட்டும். மாட்டிக்கொண்டால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடிக்க வேண்டாம், தாகத்துக்குக் குடியுங்கள், அலைச்சலை மிச்சம் பிடியுங்கள். எப்போதும் இரண்டு வண்டியாகப் போங்கள், ஒன்று புதைந்தால் மற்றொன்று இழுக்கும். டிசம்பர், ஜனவரி ராத்திரியில் அங்கே குளிர் எலும்பைத் துளைக்கும், நம் மும்பை ஸ்வெட்டர் போதாது.

என் பயப் பட்டியலில் முதல் இடம் ரண்ணுக்குக் கூட இல்லை, ராத்திரியில் கட்ச் நெடுஞ்சாலைக்குத்தான். உப்பு லாரி, விளக்கில்லாத டிராக்டர், நடு ரோட்டில் எருமை. இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள், திறந்த ஜீப்பில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். துபாயில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, மணல்மேட்டில் வண்டியைக் குலுக்கி ஏற்றி இறக்கும் அந்த விளையாட்டுக்குக் கர்ப்பிணிகளையும் முதுகுவலிக்காரர்களையும் கூட்டிப் போகாதீர்கள், ஊரிலிருந்து வந்த அப்பா எவ்வளவு ஆசைப்பட்டாலும்.

அமெரிக்காவிலிருந்து வரும் தம்பி சாட்டிலைட் போன் கொண்டு வருகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுப் பயணக் கையேடுகள் எல்லாம் அதை முதலில் சிபாரிசு செய்யும். இங்கே தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்து உட்காரவைத்துவிடுவார்கள், அதுவும் நாம் போவது எல்லைப் பக்கம்.

கடைசியாக என் தொழில் சம்பந்தப்பட்டது. சிக்னல் இல்லாத இடத்தில் யுபிஐ வேலை செய்யாது, பஞ்சர் போடுகிறவர் உங்கள் போன் திரையைப் பார்த்து டியூப் ஒட்ட மாட்டார். ஆளுக்கு மூவாயிரம் ரூபாயாவது ஐம்பதும் நூறுமாக, ஒரே பையில் வைக்காமல் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். சில்லறை வேண்டுமென்றால் எங்கள் கிளைக்கு நாலு நாள் முன்னாடியே வந்து சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை மட்டும் வேண்டாம் :-)