இந்தக் கோட்டுக்கு ஓனர் யாரு?

முதல் வருஷ ஈ.டி. பேப்பரைத் தாண்டி வந்த எல்லா இன்ஜினீயரிங் மக்களுக்கும் இந்த வாரப் பக்கம் சமர்ப்பணம்! பஸ் கூட்டத்துல மினி டிராஃப்டரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஒத்தைக்கால்ல நின்னு போனோமே... அதுக்கெல்லாம் பலன் இருக்குன்னு நிரூபிக்க ஒரு ஓவியர் இருக்கார். பேரு, நஸ்ரீன் மொகமதி.

முதல்ல சின்னதா ஒரு பயோடேட்டா. 1937-ல் கராச்சியில் பிறந்து, மும்பையில் வளர்ந்தவர். லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸில் படிப்பு, அப்புறம் கொஞ்ச காலம் பாரிஸ். 1972-லிருந்து பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் ஆசிரியை. 1990-ல் இறந்தபோது வயசு 53-தான். எதையெல்லாம் குறைக்க முடியுமோ அதையெல்லாம் குறைச்சுட்டு மிச்சத்தை மட்டும் வரையறதுக்கு 'மினிமலிஸம்'னு பேர். இந்தியாவுல அதுக்கு உதாரணம் கேட்டா, முதல் வரிசையில் சொல்ற பேர் இவருடையது.

ஆரம்பத்துல செடி, கொடி, கடற்கரைன்னு ஏதோ ஒரு சாயல் தெரியும். 70-கள்ல கலரும் போச்சு, உருவமும் போச்சு. வெள்ளைப் பேப்பர், பென்சில், கறுப்பு மை, நாம பயன்படுத்தற மாதிரியே வரைகருவிகள். அவ்வளவுதான்! பல படங்கள் ஏறத்தாழ நம்ம ஏ-2 ஷீட் சைஸ். தலைப்பு கிடையாது. நிறைய படங்கள்ல தேதிகூட போடலை.

ஹாஸ்டல்ல ஒரு மெக்கானிக்கல் நண்பன்கிட்ட மொபைல்ல ஒரு படத்தைக் காட்டினேன். மேலும் கீழும் பார்த்தான். "மச்சி, இதை ஆட்டோகேட்ல ரெண்டே நிமிஷத்துல போட்ருவேன். 'அர்ரே' கமாண்ட் ஒண்ணு போதும்டா"ன்னான்.

நஸ்ரீனோட மும்பையில் பழகின இன்னொரு ஓவியர், வி.எஸ்.கைதோண்டே. அவரோட ஒரு படம் 2025-ல் 67 கோடி ரூபாய்க்கு ஏலம் போச்சு. இதைச் சொல்லி நண்பன் வாயை அடைச்சிருக்கலாம்தான். ஆனா, விலையைச் சொல்லி ஜெயிக்கறது அழுகுணி ஆட்டம்! அதனால, "சரி, போட்டுக் காட்டு"ன்னேன்.

போட்டான். ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. நாற்பது கோடு, சமமான இடைவெளி, ஜன்னல் கம்பி மாதிரி. மொபைல்ல இருந்த படத்தையும் அதையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். அங்கே பென்சில் கோடு போய்க்கிட்டே இருந்து மெலிஞ்சு காணாமப் போகுது. ரெண்டு கோட்டுக்கு நடுவுல இடம் குறைஞ்சுக்கிட்டே வர, பேப்பரே உள்வாங்கற மாதிரி இருக்கு. நண்பன் கோட்டையெல்லாம் நெருக்கினான், தள்ளினான், பாதியை அழிச்சான். மெஸ் மூடற நேரத்துல கேட்டான்... "எத்தனை கோடு போடணும், எங்க நிறுத்தணும்னு எப்படிடா முடிவு பண்றது?"

அதான் பாஸ் மேட்டரே! ஈ.டி-யில் இந்தக் கேள்வி வரவே வராது. அங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு ஓனர் உண்டு. அழுத்தமான கோடுன்னா பொருளோட விளிம்பு. விட்டு விட்டுப் போட்டா மறைஞ்சிருக்கற விளிம்பு. நீளமும் குட்டியுமா மாறி மாறி வந்தா மையக்கோடு. பொருள் முடிஞ்சா கோடும் முடிஞ்சிடும். நஸ்ரீனோட கோடு எதுக்கும் விளிம்பு இல்லை. "இது என்ன?"ன்னு கேட்டா பதில் வராது. அந்தக் கேள்வியை விட்டுட்டு, "இது எங்கே போகுது, எங்கே மெலியுது?"ன்னு பார்த்தா படம் மெல்ல திறக்குது. எனக்கு ஒரு படத்துக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு.

எங்க கொடைக்கானல் பக்கத்து ஆளுங்களுக்கு இது இன்னும் ஈஸி. பூம்பாறைக்குப் போற வழியில எல்லாரும் வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கற ஒரு வளைவு இருக்கு. கீழே பூண்டும் உருளைக்கிழங்கும் விளையற படிப்படியான வயல்கள், நடுவுல கலர் கலரா வீடுகள். மூடுபனி ஏறும்போது முதல்ல கலர் போகும், அப்புறம் வீடுகள். கடைசியா மிஞ்சறது படிப்படியான வரப்புகள் மட்டும். நஸ்ரீனும் இப்படி நிஜத்துலேர்ந்துதான் வந்திருக்கார். தறியில் நூல், ரோட்டுல போட்ட கோடு, ஃபதேபூர் சிக்ரியின் கல் தரைன்னு கறுப்பு வெள்ளையில் நிறைய போட்டோ எடுத்திருக்கார். உயிரோட இருந்தவரைக்கும் அதை எக்ஸிபிஷன்ல வெச்சதில்லை.

கைக்கோடுன்னா எங்க மலையில இன்னொரு பெருமையும் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்துல 1904-லிருந்து, அட்சரேகை தீர்க்கரேகை போட்ட வட்டத்துக்குள்ள சூரியனோட புள்ளிகளைக் கையாலேயே வரைஞ்சு வெச்சிருக்காங்க. நூறு வருஷத்துக்கும் மேல, வானம் தெளிவா இருந்த நாளெல்லாம்! அந்தக் கோட்டுக்கு ஓனர் சூரியன். ஓனர் இருக்கற கோட்டுக்கே அவ்வளவு பொறுமை வேணும். ஓனரே இல்லாத கோட்டுக்கு?

இப்ப நான் சொல்லப்போறதை, படங்களைப் பார்த்து முடிச்ச பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன். நஸ்ரீனுக்கு நரம்பு நோய். உடம்பின் அசைவுகள் கொஞ்சம் கொஞ்சமா கட்டுப்பாட்டை இழக்கற நோய். 80-கள்ல அது முற்றிக்கிட்டே போச்சு. அதே வருஷங்கள்லதான் அவர் கட்டங்களையும் விட்டுட்டு, வெறும் வெள்ளைப் பரப்புல மிதக்கற சாய்வுக் கோடுகள், முக்கோணங்கள், வில் மாதிரி வளைவுகள்னு வரைஞ்சார். முன்னைவிடக் குறைவான கோடுகள். அதாவது, ஒரு கோடு பிசகினாலும் ஒளிய இடம் இல்லாத படங்கள். நடுங்கற கையோட! இதைச் சொன்னதும் நண்பன் ஆட்டோகேட் பேச்சை எடுக்கலை.

அவர் போன பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2007-ல் ஜெர்மனியின் டாக்குமென்டா கண்காட்சி. 2016-ல் நியூயார்க் மெட் மியூசியம் 'மெட் ப்ராயர்'னு புதுக் கிளை திறந்தப்போ தொடக்கக் கண்காட்சிகள்ல ஒண்ணு இவருடையது. டெல்லிக்கு சிம்போசியம், இன்டர்வியூன்னு போறவங்க, அங்க இருக்கற கிரண் நாடார் மியூசியத்துல இவர் படங்கள் மாட்டியிருக்காங்களான்னு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுப் போங்க. மொபைல்ல பார்த்தா பென்சில் கோடு பாதி தெரியவே தெரியாது.